ஏழு நாள் நகல்

எங்கள் ஆஸ்பத்திரியில் தபாலக்கா எங்கே என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். சான்றிதழில் இருக்கும் பெயரைச் சொல்லிக் கேட்டால் சம்பளப் பிரிவில்கூட ஒரு நிமிடம் யோசிப்பார்கள். அவர் தபால் இலாகாவில் ஒரு நாளும் வேலை பார்த்ததில்லை. கணினி சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவர். இந்தப் பட்டப்பெயரை அவரே வாயைக் கொடுத்து வாங்கிக்கொண்டார்.

ஒரு கூட்டத்தில் சூப்பிரண்டு, அதாவது எங்கள் கண்காணிப்பாளர், எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். "நாள் முழுக்க அந்த ரூம்ல என்னம்மா பண்றீங்க?"

கேட்ட தோரணை எனக்கே பிடிக்கவில்லை. தபாலக்கா எழுந்து நின்று நிதானமாகப் பதில் சொன்னார். "இங்க இருக்கற ஒவ்வொரு மெஷினும் அப்பப்ப என்ன நடந்துச்சுன்னு ஒரு வரி எழுதி வைக்கும் சார். எழுதின இடத்துலயே விட்டா மெஷின் போறப்போ வரியும் சேர்ந்து போயிடும். அதனால எல்லா வரியையும் வாங்கி, எங்க போகணுமோ அங்க அனுப்பறேன். தபால்காரர் வேலைன்னு வச்சுக்குங்க."

அன்று மாலைக்குள் பெயர் ஒட்டிக்கொண்டது.

நான் ஆவண அறை எழுத்தர். தபாலக்காவும் நானும் ஒரே அறையில் ஒன்பது வருடம் இருந்தோம். முதலில் அது முழுக்க என் அறை. இருபது வருடமாக நானும் என் காகிதங்களும் அதில் வெந்துகொண்டிருந்தோம். ஒரு நாள் பாதி அலமாரிகளை அகற்றிவிட்டு சர்வர்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். மறுநாளே ஏசி வந்தது. இருபது வருடம் எழுதிக் கேட்டு எனக்குக் கிடைக்காத ஏசி, வாயே திறக்காத இயந்திரங்களுக்கு ஒரே நாளில் கிடைத்தது. அந்தக் கடுப்பில் முதல் ஒரு மாதம் அவரோடு நான் சரியாகப் பேசவில்லை. அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

பத்தொன்பது வயதில் டெலிபோன் ஆபரேட்டராக இங்கே சேர்ந்தவர் அவர். காதில் ஹெட்போனோடு பதினாறு வருடம். அந்த டெலிபோன் போர்டை எடுத்துவிட்டபோது மூன்று ஆபரேட்டர்களில் இருவர் வீட்டோடு போய்விட்டார்கள். இவர் மட்டும் மூன்று வாரப் பயிற்சிக்குப் போய், ஒரு கோடு போட்ட நோட்டு நிறைய எழுதிக்கொண்டு திரும்பி வந்தார். பழைய பதவி ஒழிந்தது, புதிய பதவி தற்காலிகம் என்று உத்தரவு போட்டார்கள். தற்காலிகம் ஒன்பது வருடம் ஓடியது. நான் சொல்லப்போகும் சமயத்தில்தான் அவரை நிரந்தரமாக்கும் ஃபைல் ஒருவழியாக சூப்பிரண்டின் மேசைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

அவர் கணவர் திரைச்சீலை தைப்பவர். மகள் கல்லூரியில் கடைசி வருடம். தினமும் மத்தியானம் மகளிடமிருந்து போன் வரும். "அம்மா, கையெழுத்தாச்சா?" என்பாள். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். அறையில் என்னைத் தவிர யார் இருக்கிறார்கள்? "இன்னும் இல்லடி. நீ முதல்ல சாப்பிடு," என்பார்.

டெலிபோன் காலத்துப் பழக்கங்கள் இரண்டு அவரிடம் அப்படியே ஒட்டியிருந்தன. ஒன்று, மறுமுனையில் ஆள் பேசுகிறார் என்று தெரியாமல் கையை எடுக்கமாட்டார். எந்த இயந்திரத்தின் வரியையும் புதிதாக அனுப்ப ஏற்பாடு செய்தால், ஒரு சோதனை வரியை அனுப்பிவிட்டு அந்த முனைக்கு போன் போட்டு, "வந்துச்சா?" என்று கேட்பார். வந்துச்சு என்று மனுஷக் குரல் சொன்னால்தான் அடுத்த வேலை. இரண்டாவது, எதையும் உடனே கிழித்துப் போடமாட்டார். அந்த நாளில் யார் யாருக்கு இணைப்புக் கொடுத்தோம் என்ற சீட்டுகளை ஒரு வாரம் டிராயரில் வைத்திருந்துதான் கிழிப்பாராம். இப்போதும் இயந்திரங்களிலிருந்து வரும் வரிகளை, எதை அனுப்பலாம் எதை விடலாம் என்று பிரிப்பதற்கு முன்பே, ஒரு முழு நகல் எடுத்து ஏழு நாள் வைத்திருப்பார். எட்டாம் நாள் காலையில் அது தானாக அழிந்துவிடும். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அப்படி ஒரு நகல் இருப்பது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

இனி ஸ்வெட்டர் அண்ணன். ரத்த வங்கியின் குளிரறைப் பொறுப்பாளர். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் உடம்பிலிருந்து ஸ்வெட்டர் இறங்காது. பதினாறு வருடம் அந்தக் குளிரில் இருந்தவர். ரத்தப் பைகளை எடுத்துக்கொடுக்கும் கவுன்டரில் உட்கார்ந்திருப்பார். குளிரறை தாழ்வாரத்தின் கோடியில் இருந்தது. கதவு திறந்து கிடந்தாலோ, உள்ளே சூடு ஏறினாலோ கவுன்டரில் இருக்கும் ஸ்கிரீனில் வரி வந்து, பீப் என்று சத்தம் கேட்கும். கதவையும் சூட்டையும் கவனித்து வரி எழுதும் குளிரறைப் பெட்டியிலும் ஒரு பீப் இருந்தது. அதன் வாய்மேல் எந்தக் காலத்திலோ எந்தப் புண்ணியவானோ ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரியை ஒட்டி வைத்திருந்தான்.

தபாலக்காவுக்கும் அவருக்கும் ஒத்தே போகாது. காரணம் அந்த பீப். அவசரமோ இல்லையோ, கதவைத் திறந்தால் ஒரு வரி, மூடினால் ஒரு வரி. ஒரு நாளைக்கு இருநூறு தடவைக்குக் குறையாது. ஒரு நாள் நேரே எங்கள் அறைக்கு வந்து நின்றார்.

"உங்க மெஷின் என் காதுக்குள்ளயே குடித்தனம் பண்ணுதும்மா. ராத்திரி தூக்கத்துலகூட பீப் பீப்னு கேக்குது. என் பொண்டாட்டி பேசறதே இப்ப இனிமையா இருக்குன்னா பாத்துக்குங்க."

"எழுதிக் குடுங்க அண்ணே. எழுத்துல இருந்தாத்தான் நான் மாத்த முடியும்."

எழுதிக் கொடுத்தார். பதினேழு வரி. சத்தத்தைக் குறைத்துத் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன் என்று முடிந்தது. நான் அதற்கு எண் போட்டு ஃபைலில் வைத்தேன்.

ஒவ்வொரு வரியின் தலையிலும் அதை எழுதும் இயந்திரம் ஒரு எண்ணைப் போட்டு அனுப்பும். பூஜ்யம் என்றால் வீடு பற்றி எரிகிறது. ஏழு என்றால் சும்மா முணுமுணுப்பு. எண் குறையக் குறைய ஆபத்து அதிகம். தபாலக்கா கணினியில் ஒரு விதி எழுதினார். குளிரறையிலிருந்து வருவதில் நான்கும் அதற்குக் கீழும் உள்ளவை மட்டும் கவுன்டருக்கும், ஊரின் மறுகோடியில் இருக்கும் தலைமை அலுவலக சர்வருக்கும் போகட்டும், மற்றவை வேண்டாம் என்று. பிறகு குளிரறைப் பெட்டியின் மின்சாரத்தைப் பிடுங்கச் சொன்னார். மூன்றாம் எண்ணோடு ஒரு வரி பாய்ந்து வந்தது. கவுன்டர் ஸ்கிரீன் அலறியது. போன் போட்டு, "வந்துச்சா?" என்றார். "வந்துச்சு, வந்துச்சு. ஆளைக் கொல்லுது," என்றார் ஸ்வெட்டர் அண்ணன். அதன்பிறகு பதினோரு நாள் ஒரே அமைதி. தபாலம்மா கைராசிக்காரி என்று அவர் யாரிடமோ சொல்லியனுப்பிய பாராட்டுகூட வந்து சேர்ந்தது.

பன்னிரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, மத்தியானம் ஒன்று நாற்பதுக்கு ஒரு பையை எடுத்துக்கொண்டு ஸ்வெட்டர் அண்ணன் குளிரறைக் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் எட்டு மாதமாகச் சரியாகப் பிடிக்கவில்லை. பழுது பார்க்கச் சொல்லி மூன்று கடிதம் எழுதியிருந்தார், மூன்றும் என்னிடம் இருந்தன. கதவு தானாக வாய் பிளந்தது. அன்று மத்தியானம் அறுவைச் சிகிச்சை எதுவும் இல்லாததால் யாரும் பை கேட்டு வரவில்லை, ஐந்து இருபதுக்கு அடுத்த பைக்குப் போனபோதுதான் பார்த்தார். தொண்ணூற்றிரண்டு பை ரத்தத்தைக் கொட்ட வேண்டியதாயிற்று. அவசரத்துக்கு இன்னொரு ஆஸ்பத்திரி கொடுத்து உதவியதால் நோயாளிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது யார் யாரோ வேலைக்கு நடுவில் வந்து, கையை நீட்டிப் படுத்துக் கொடுத்த ரத்தம். கொட்டும்போது ஸ்வெட்டர் அண்ணன் அழுதார் என்று நர்ஸ்கள் சொன்னார்கள்.

புதன்கிழமை காலை சூப்பிரண்டிடமிருந்து தபாலக்காவுக்கு ஒற்றைக் கேள்வியோடு ஒரு தாள் வந்தது. நேற்று வரிகளை அனுப்பும் அமைப்பு வேலை செய்ததா? அவர் பார்த்தார். எக்ஸ்ரே, ஆய்வகம், மருந்துக் கிடங்கு எல்லா வரிகளும் போய்ச் சேர்ந்திருந்தன. ஆம், வேலை செய்தது என்று எழுதிக் கையெழுத்திட்டார். குளிரறைப் பெட்டி கடைசி நூறு வரிகளைத்தான் தனக்குள் வைத்திருக்கும். விடிவதற்குள் அவை போயிருந்தன. ஆகவே சூப்பிரண்டின் கணக்கு நேரானது: அமைப்பு வேலை செய்தது, எச்சரிக்கை வந்திருக்கும், ஸ்வெட்டர் அண்ணன் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறார். தாழ்ப்பாளுக்காக என்றால் திட்டோடு போயிருக்கும். எச்சரிக்கையை அலட்சியம் செய்தவருக்கு வேலை போகும், பென்ஷனும் போகும். அன்றே சஸ்பெண்ட். விசாரணை அடுத்த வியாழன்.

திங்கள்கிழமை ஸ்வெட்டர் அண்ணன் வந்தார். ஸ்வெட்டர் இல்லாமல் வந்ததால் எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. சட்டைக்குள் பாதி ஆள்தான் இருந்தார்.

"ஸ்கிரீன்ல ஒண்ணும் வரலம்மா. சத்தியமா வரல. நான் எழுந்து எங்கயும் போகல."

"வந்திருக்கும் அண்ணே. மத்த எல்லாமே போய்ச் சேர்ந்திருக்கு."

"நான் பொய் சொல்றவனாம்மா?"

தபாலக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. தன் வேலையைச் சந்தேகப்பட்டால் அவருக்கு வரும் கோபத்தை நான் அறிவேன். "இருங்க. தலைமை ஆபீஸ் சர்வர்ல அந்த வரி இருக்கும். எடுத்துக் கண்ணுல காட்டறேன். அப்புறம் பேசுங்க," என்று தேடினார். செவ்வாய், குளிரறை, மத்தியானம். ஒன்றும் இல்லை. காலையிலும் இல்லை. முந்தின நாளிலும் இல்லை. பதினோரு நாள் குளிரறையிலிருந்து ஒரு வரிகூட இல்லை.

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். "நீங்க வீட்டுக்குப் போங்க அண்ணே. நான் பாத்துச் சொல்றேன்," என்றார். வந்தவர் எதுவும் புரியாமல் போனார்.

பிறகு ஏழு நாள் நகலைத் திறந்தார். அதில் இருந்தன, எல்லாம் இருந்தன. ஒன்று நாற்பத்து மூன்றுக்குக் கதவு திறந்தே இருக்கிறது. இரண்டு ஐந்துக்குச் சூடு ஏறுகிறது. பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, மாலை வரைக்கும், அந்தப் பெட்டி ஓயாமல் கத்தியிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வரியின் தலையிலும் ஆறு. பெட்டியைச் செய்தவர்கள் கதவு திறந்தாலும் ஆறு, மூடினாலும் ஆறு, உள்ளே ரத்தமே வெந்தாலும் ஆறு என்று போட்டு வைத்திருந்தார்கள். மின்சாரம் போனால் மட்டும் மூன்று. தபாலக்கா சோதித்துப் பார்த்தது அந்த ஒன்றைத்தான். கதவைத் திறந்து வைத்துச் சோதிக்கவில்லை. அத்தனை வரிகளும் இவர் கைக்கு வந்து, இவர் எழுதிய விதியால் நின்றிருக்கின்றன.

நான் என் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போது நான் பேசியதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன், எழுதாவிட்டால் அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு என்ன தகுதி?

"அம்மா, இந்த நகல் புதன்கிழமை காலையில தானா அழிஞ்சுடும். இல்லையா?"

"ஆமா சார்."

"நீங்க அழிக்க வேண்டியதில்ல. பொய் சொல்ல வேண்டியதும் இல்ல. அமைப்பு வேலை செஞ்சுச்சான்னு கேட்டாங்க, செஞ்சுதுன்னீங்க. அது உண்மைதானே? உங்க ஃபைல் கையெழுத்துக்குப் போயிருக்கு. இப்பப் போயி சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்காதீங்க."

நான் அதோடு விடவில்லை. எழுந்து போய் ஃபைலிலிருந்து அந்தப் பதினேழு வரிக் கடிதத்தை எடுத்து வந்தேன். "அப்படியே தெரிஞ்சு போனாலும் இது இருக்கு. அவரே எழுதிக் கேட்டிருக்காரு. அவர் கேட்டாரு, நான் செஞ்சேன்னு சொல்லிடலாம்."

கடிதத்தை வாங்கி முழுதும் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

"சத்தத்தைக் குறைக்கச் சொன்னாரு சார். காதை அறுக்கச் சொல்லல," என்றார்.

அன்று சீக்கிரமே வீட்டுக்குப் போனார். செவ்வாய்க்கிழமை வந்து எல்லா வேலையையும் வழக்கம்போலச் செய்தார். குளிரறைப் பக்கம் போகவில்லை. மத்தியானம் மகள் போன் செய்தாள். "அம்மா, கையெழுத்தாச்சா?" "இன்னும் இல்லடி." நீ சாப்பிடு என்று அன்று சொல்ல மறந்துவிட்டார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஐந்து மணி ஆகட்டும், கிளம்பிவிடட்டும், நாளைக் காலையில் தானாக முடிந்துவிடும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். நாங்கள் நல்லவர்கள்தான், எங்களை யாரும் எதுவும் கேட்காத வரைக்கும்.

நாலே காலுக்கு பிரிண்டர் ஓடியது. பதினொரு தாள். அதன்மேல் கையால் எழுதிய ஒரு தாள். எல்லாவற்றையும் என் மேசையில் வைத்தார்.

"வரவு முத்திரை போட்டுக் குடுங்க சார். இன்னிக்குத் தேதி."

எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. ஆவண அறையில் வரவு எண் விழுந்த தாளைக் கொடுத்தவரும் திரும்ப வாங்க முடியாது, சூப்பிரண்டும் கிழிக்க முடியாது. அது ஆஸ்பத்திரியின் சொத்து. அவருக்கு அது தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

மேல் தாளைப் படித்தேன். எச்சரிக்கை கவுன்டருக்குப் போகவில்லை, நான் எழுதிய விதி தடுத்துவிட்டது, அதை நான் சரியாகச் சோதிக்கவில்லை, புதன்கிழமை கொடுத்த பதில் முழுமையானதல்ல. நான்கே வரி. ஸ்வெட்டர் அண்ணனின் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"வீட்ல சொல்லிட்டீங்களா?"

"அவர்கிட்ட சொன்னேன். தச்சுக்கிட்டே கேட்டாரு. தப்பாத் தச்சா பிரிச்சுத்தான் ஆகணும்னாரு. போடுங்க சார். நாளைக்கு எனக்கு தைரியம் இருக்குமோ என்னமோ."

முப்பது வருடமாக அந்த முத்திரையைப் போட்டு வருகிறேன். அன்றுதான் கை கனத்தது. போட்டேன். எண்ணையும் எழுதினேன்.

வியாழக்கிழமை விசாரணை அரை மணியில் முடிந்தது. ஸ்வெட்டர் அண்ணனுக்குக் கதவுக்காக ஒரு எச்சரிக்கைக் கடிதம், வேலை திரும்பக் கிடைத்தது. எட்டு மாதம் யாரும் தொடாத தாழ்ப்பாளை மறுநாளே மாற்றினார்கள். தபாலக்காவுக்கு மெமோ. நிரந்தர ஃபைல் கையெழுத்தாகாமல், ஒரு வருடம் கழித்துப் பரிசீலிக்கலாம் என்ற குறிப்போடு என் அலமாரிக்கே திரும்பி வந்தது. மத்தியானம் போன் வந்தது.

"கையெழுத்தாச்சாம்மா?"

"இல்லடி. ஒரு வருஷம் தள்ளிப் போயிருக்கு."

"யாரும்மா தள்ளினது?"

"நான்தான். வந்து சொல்றேன். நீ சாப்பிடு."

நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அழுகிற வயதில்லை எனக்கு.

அடுத்த வாரம் ஸ்வெட்டர் அண்ணன் என் மேசைக்கு வந்தார். ஸ்வெட்டரோடுதான். அவர் எழுதிய பழைய கடிதம் வேண்டும் என்றார்.

"எதுக்கு? அதை யாரும் கேக்கலையே."

"அதான் நான் கேக்கறேன். சூப்பிரண்டுகிட்டக் குடுக்கணும்."

"குடுத்தா உங்களுக்கும் மெமோ வரும்."

"வரட்டும் சார். பதினாறு வருஷம் அந்த ரூமைப் பாத்தவன் நான். பதினோரு நாளா ஒரு சத்தமும் இல்லைன்னா, ஏன்னு ஒரு தடவை போன் பண்ணிக் கேட்டிருக்க வேண்டாமா? நிம்மதியா இருக்குன்னு இருந்துட்டேன். அந்தம்மா என் பேரையே எடுக்கலையாமே."

மூலத்தைத் தர முடியாது, நகல் எடுத்துக் கொடுத்தேன். அதன்மேல் தானும் நான்கு வரி எழுதி வைத்தார். அதற்கும் முத்திரை போட்டேன். அந்த முறை கை கனக்கவில்லை. சூப்பிரண்டு படித்துவிட்டுப் பார்க்கலாம் என்றாராம். பார்க்கலாம் என்றால் எங்கள் ஆஸ்பத்திரியில் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அது இப்போது தபாலக்காவின் ஃபைலில் இருக்கிறது, யாராலும் எடுக்க முடியாது.

தபாலக்கா விதியை மாற்றினார். கதவு திறந்தே இருந்தாலும் சூடு ஏறினாலும், பெட்டி என்ன எண் போட்டாலும், இங்கே அதை இரண்டு என்று திருத்தித்தான் அனுப்புகிறார். தினமும் காலை ஒன்பது மணிக்கு ஸ்வெட்டர் அண்ணன் குளிரறைக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு மூன்று நிமிடம் நிற்பார். கவுன்டரில் பீப் கேட்டதும் மூடிவிட்டு எங்கள் அறைக்கு போன் செய்வார். இப்போதெல்லாம் கேட்பவர் அவர். "வந்துச்சா?" இவர் தன் ஸ்கிரீனைப் பார்த்து, "வந்துச்சு அண்ணே," என்பார். அதற்குமேல் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளமாட்டார்கள். மன்னிப்பு, நன்றி எதுவும் நான் கேட்டதில்லை.

போன வாரம் மகளின் பட்டமளிப்புக்காக தபாலக்கா ஒரு நாள் லீவு. ஒன்பது மணிக்கு போன் அடித்தது. நான் எடுத்தேன்.

"வந்துச்சா?"

தபாலக்காவின் ஸ்கிரீனைப் பார்த்தேன். குளிரறை, கதவு, இரண்டு. "வந்துச்சு," என்றேன்.

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"சார், அந்தம்மாவோட கையெழுத்து? அது வந்துச்சா?"

"இன்னும் இல்ல."

"சரி, நாளைக்கும் கேக்கறேன்," என்று சொல்லி வைத்தார். மறுநாள் தபாலக்கா வந்துவிட்டார். ஆனாலும் ஒன்பது மணி போனுக்குப் பிறகு, ஒன்பதேகாலுக்கு என் மேசை போன் தனியாக அடித்தது.